நேட்டாலில் தமிழ் பேசிய பாதிரி

மிஷனரிகளைப் பற்றித் தமிழில் இரண்டு விதமாகத்தான் எழுதப்படுகிறது. ஒன்று, சிலைக்கு மாலை போடும் எழுத்து. 1968இல் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல், போப், வீரமாமுனிவர் மூவரையும் சிலையாக நிறுத்திய பிறகு அவர்கள் வந்த காரியம் மறந்துபோய், 'தமிழ்த் தொண்டு' ஒன்றே பாக்கி நிற்கிறது. மற்றது, 'ஏகாதிபத்தியத்தின் கையாள்' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடும் எழுத்து. பார்ப்பதற்கு இரண்டும் ஜென்ம விரோதிகள். ஆனால் இரண்டிலும் மிஷனரிதான் எழுவாய்; நாம் செயப்படுபொருள். அவர் கொடுத்தார் அல்லது கெடுத்தார். எதிரே உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டவன் என்ன செய்தான் என்ற கேள்வி இரண்டு தரப்புக்கும் எழுவதே இல்லை.

இந்தக் கேள்விக்கு நம் ஊரைவிடத் தென் ஆப்பிரிக்கா வசதியான இடம் என்று நினைக்கிறேன். அங்கே நேட்டால் என்ற ஒரே காலனியில், ஏறத்தாழ ஒரே காலத்தில், முற்றிலும் வேறான இரண்டு ஜனங்களிடம் மிஷனரிகள் போனார்கள். ஒரு சாரார் அந்த மண்ணுக்கு உரிய ஜூலுக்கள். மற்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள். அவர்களில் பெரும் பகுதி சென்னை ராஜதானிக்காரர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நம் வழக்கமான தீர்ப்புகள் ஆட்டம் காண்கின்றன.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்: டேவிட் லிவிங்ஸ்டன். அவரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேசாந்திரியாகத்தான் நாம் படித்திருக்கிறோம். மிஷனரி என்ற அளவில் அவர் கணக்கு மிகச் சிறியது. க்வேனா இனத் தலைவன் செச்செலே ஒருவனைத்தான் அவர் மதம் மாற்றினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. 1848இல் ஞானஸ்நானம், ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கிவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கிவைத்தவர்களில் ஒருத்தி அடுத்த வருஷமே கர்ப்பமானாள். லிவிங்ஸ்டன் அவனைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார். பிறகு தம் கவனத்தை வடக்கே, நதிகளின் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் ஏட்டில் இது தோல்வி. ஆனால் செச்செலே நிறுத்தவில்லை. தானே வேதம் வாசித்து, தானே பிரசங்கம் செய்து, அண்டை இனத்தாரிடமும் கொண்டுபோனான். தன் மழைச் சடங்குகளையும் முற்றாக விட்டுவிடவில்லை. லிவிங்ஸ்டன் கைவிட்ட கிறிஸ்தவத்தை அவன் தன் தலைமைக்கும் தன் ஜனத்துக்கும் ஏற்றபடி வைத்துக்கொண்டான்.

லிவிங்ஸ்டன் 1857இல் வெளியிட்ட பிரயாண நூலில், வைத்தியருக்கும் மழை வருவிப்பவனுக்கும் நடக்கும் வாக்குவாதம் ஒன்று வருகிறது. இலக்கிய வாசகனுக்கு அந்த நூலில் முக்கியமான இடம் இதுதான். மழை வருவிப்பவனின் தர்க்கத்தை லிவிங்ஸ்டன் கேலியாக்கவில்லை. அவன் கட்சியை அதன் முழு பலத்தோடு எழுதியிருக்கிறார். நீ மருந்து கொடுக்கிறாய், சிலர் பிழைக்கிறார்கள், சிலர் சாகிறார்கள்; நானும் மருந்து போடுகிறேன், சில சமயம் மழை வருகிறது, சில சமயம் வருவதில்லை; வித்தியாசம் எங்கே என்பது அந்தத் தர்க்கத்தின் சாரம். வைத்தியர் ஜெயித்தார் என்று அதைப் படித்துவிட்டுச் சொல்ல முடியாது. பேச வந்த மனிதர் ஒரு கணம் கேட்க நேர்ந்ததன் அடையாளம் அது.

இந்தக் கேட்டல் ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நேட்டால் பிஷப் கொலென்ஸோ உதாரணம். அவரைப் பற்றிப் படிக்கும்போது எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மேற்கு மலையடியில் கிடக்கும் எங்கள் வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம் சிவகாசி. அங்கேதான் 1858இல் தாமஸ் ராக்லண்ட் காலமானார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பெயர் வாங்கியவர். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு வந்து, 1854 முதல் வட திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிரசங்கம் செய்தவர். கொலென்ஸோவும் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். 1836ஆம் வருஷத்துக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம். அவர் எழுதிய கணக்குப் புத்தகங்கள் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் வெகுகாலம் புழங்கின. 1853இல் நேட்டாலின் முதல் பிஷப்பானார். ராக்லண்ட் வந்தபோது இங்கே தமிழ் வேதாகமமும் இலக்கணங்களும் அகராதிகளும் தயாராக இருந்தன. கொலென்ஸோவுக்கு ஜூலுவில் பலவற்றைத் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. 1861இல் அவருடைய ஜூலு – ஆங்கில அகராதி வந்தது. அதற்கு அவர் ஜூலுக்களிடம் மாணவனாக உட்கார வேண்டியிருந்தது.

அப்படி உட்கார்ந்த இடத்தில்தான் விஷயம் திரும்பியது. வேதத்தை மொழிபெயர்க்க உதவியவர் வில்லியம் ந்கிடி என்ற ஜூலு. நோவாவின் பிரளயக் கதை வந்தபோது அவர் கேட்டார்: இதெல்லாம் நிஜமா? குளிர் தேசத்து மிருகமும் வெயில் தேசத்து மிருகமும் ஜோடி ஜோடியாக வந்து ஏறினவா? எல்லாவற்றுக்கும் நோவா தீனி சேகரித்தாரா? கொலென்ஸோவால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கணக்குக்காரர் கணக்குப் போட ஆரம்பித்தார். எகிப்திலிருந்து வெளியேறியதாகச் சொல்லப்படும் லட்சக்கணக்கான ஜனம் ஒரு கூடாரத்து வாசலில் எப்படிக் கூடியிருக்க முடியும்? விளைவு, 1862இல் ஐந்தாகமங்கள் பற்றிய அவருடைய விமர்சன நூலின் முதல் பகுதி. 1863இல் கேப்டவுன் மெட்ரோபாலிட்டன் கிரே அவரை மத விரோதக் குற்றத்துக்காக நீக்கினார். 1865இல் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. ஜூலு ஒருவனை மதம் மாற்றப் போன பிஷப்பை ஜூலு மாற்றிவிட்டான் என்று இங்கிலாந்தில் கேலி பேசினார்கள். அந்தக் கேலியில் அவர்கள் அறியாத உண்மை இருக்கிறது. 1874இல் லங்கலிபலேலே என்ற தலைவரை நேட்டால் அரசாங்கம் நியாயமற்ற முறையில் விசாரித்துத் தண்டித்தபோது, வெள்ளைக்காரர்கள் பெரும்பாலோர் ஒரு பக்கமும் கொலென்ஸோ மறுபக்கமுமாக நின்றார்கள். 1883இல் இறந்த அவரை ஜூலுக்கள் 'சொபான்டு' என்று அழைத்தார்கள். ஜனங்களின் தகப்பன் என்று பொருள்.

இன்னொரு பலனும் உண்டு. எகுகான்யேனி என்ற அவருடைய மிஷன் பள்ளியில் அச்சுக்கோக்கப் பழகியவர் மகேமா ஃபூஸே. பிஷப்புக்காக அச்சுக்கோத்த அந்தக் கை பிற்பாடு தன் ஜனத்தின் சரித்திரத்தையே எழுதியது. 1922இல் அச்சான 'அபான்டு அபம்ன்யாமா', ஜூலு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அந்த மொழியில் எழுதி வெளியான முதல் பெரிய நூல். கேட்டவன் எழுதுகிறவனாக ஆன கதை இது.

இப்போது அதே நேட்டாலில் நம் ஆட்களிடம் வருவோம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்து போனவர்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் பஞ்சம் பிழைக்கப் பெரும்பாலும் கண்டிச் சீமைக்குத்தான் போனார்கள். நேட்டாலுக்கு வட ஆற்காடு முதலிய வடக்கு ஜில்லாக்காரர்கள் அதிகம். ஒப்பந்தம் 5 வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கப்பல் பதிவேட்டில் சாதிக்கான பத்தியில் 'கிறிஸ்தவர்' என்று எழுதியிருக்கிறது. ஞானஸ்நானம் சாதியைக் கரைத்ததோ இல்லையோ, குமாஸ்தாவின் பேனா அதையே ஒரு சாதியாக்கிவிட்டது.

இவர்களுக்காக வெஸ்லியன் மிஷன் 1862இல் ரால்ஃப் ஸ்டாட் என்பவரை அனுப்பியது. தேர்வு சாமர்த்தியமானது. ஸ்டாட் அதற்கு முன் இலங்கையில், மட்டக்களப்பில், பல வருஷங்கள் மிஷனரியாக இருந்தவர். தமிழில் பிரசங்கம் செய்யக்கூடியவர். அங்கே காட்டு வேடர்களிடமும் போய்வந்தவர். கத்தோலிக்கத் தரப்பில் ஜான் பாப்டிஸ்ட் ஸபோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் டர்பனில் இருந்துகொண்டு தமிழ் கற்க முற்பட்டார். ஆனால் தமிழை ஏற்கெனவே வசப்படுத்திக்கொண்டு வந்து இறங்கியவர் ஸ்டாட்தான். கடற்கரையோரம் நெடுகச் சிதறிக் கிடந்த தோட்டங்களுக்குப் போய், கூலி லயங்களின் முன்னால் நின்று, கடல் தாண்டி வந்த ஜனங்களிடம் அவர்கள் மொழியிலேயே ஒரு வெள்ளைக்காரர் பேசினார். தோட்டத்துரைக்கும் கங்காணிக்கும் தெரிந்தது உத்தரவு மொழி. அதற்கு வெளியே தமிழ் பேசிய முதல் வெள்ளை முகம் அவர்களில் பலருக்கு ஸ்டாட்டாகத்தான் இருந்திருக்கும். அவருக்குப் பின் மகன் சைமன் ஹார்னர் ஸ்டாட் அதே வேலையைத் தொடர்ந்தார்.

இரண்டு தலைமுறை உழைத்தும் அறுவடை சொற்பம். நேட்டாலுக்குப் போன கூலிகளில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். அவர்களிலும் ஊரிலேயே கிறிஸ்தவர்களாக இருந்து போனவர்களே அதிகம். காரணங்கள் சுலபமானவை. வாரத்தில் ஆறு நாள் வேலை. மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க, சமைக்க, தூங்க, குடிக்க. தோட்டத்துக்குள் நுழைய மிஷனரிக்கு முதலாளியின் தயவு வேண்டும். அதே முதலாளி அடித்த அடியின் தழும்போடு எதிரே நிற்பவனிடம் அன்பின் தேவனைப் பற்றிப் பேச வேண்டும்.

இதற்கு மேலே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்டாட்டுக்குத் தமிழ் தெரியும். தெரிந்ததாலேயே அவருக்கு யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வேதாகமம் தயார், கீர்த்தனை தயார், துண்டுப் பிரசுரம் தயார். இந்துக் கூலி என்ன ஆட்சேபம் சொல்லுவான், அதற்கு என்ன பதில் என்பதுகூட மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் பல பத்தாண்டுகளாகப் பழகித் தேய்ந்த விஷயம். எதிரே இருந்தவனோ புதிய மனிதன். சாதியும் ஊரும் கப்பலில் கலைந்து, பெயருக்குப் பதில் எண் வாங்கிக்கொண்டு நிற்பவன். அவனிடம் பழைய விடைகளைச் சொன்னார்கள். மொழி தெரியாத கொலென்ஸோ ஒவ்வொரு சொல்லுக்கும் ந்கிடியிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. சொல்லோடு சேர்ந்து கேள்வியும் வந்தது. மொழி தெரிந்தவர் தம் வாயைத் தீட்டிக்கொண்டு வந்தார். காதுக்கு வேலை வைக்கவில்லை. நேட்டால் தமிழர்களிடையே ஒரு ஃபூஸே தோன்றாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். அடிமைக்குச் சமமான உழைப்பில் எழுத்து எங்கிருந்து வரும்?

ஆனால் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரசங்கத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

முதலாவது, பஞ்சாங்கம். டர்பனுக்குத் தெற்கே இஸிபிங்கோவில் உள்ள மாரியம்மன் கோவிலின் பெரிய திருவிழா எப்போது நடக்கிறது தெரியுமா? புனித வெள்ளியை ஒட்டி, ஈஸ்டர் விடுமுறையில். ஆயிரக்கணக்கில் கூட்டம் இன்றும் கூடுகிறது. ஆடி மாதமும் அல்ல, பங்குனிக் கணக்கும் அல்ல. தோட்டங்களில் துரைமார் தொடர்ந்து விடுமுறை விட்டது கிறிஸ்து சிலுவையில் மாண்டு உயிர்த்த நாட்களில்தான் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். எஜமானனின் மதம் தன் துக்க நாளுக்கென்று ஒதுக்கிய அவகாசத்தில் மாரியாத்தாளை எழுந்தருளச் செய்துகொண்டார்கள். இதை மதங்களின் ஒற்றுமை என்று நம் மேடைப் பேச்சாளர்கள் சொல்லக்கூடும். ஒற்றுமை ஒன்றும் இல்லை. கிடைத்த நேரத்தைக் கைப்பற்றியதுதான்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். 1860களின் பிற்பகுதியிலிருந்து கத்தோலிக்கரும் வெஸ்லியர்களும், 1880களில் டாக்டர் பூத் தலைமையில் ஆங்கிலிக்கன் சபையின் புனித எய்டன் மிஷனும் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். உத்தேசம் கிறிஸ்தவர்களை உண்டாக்குவது. உண்டானது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும். 1893இல் நேட்டால் வந்த காந்தி தம் சுயசரிதையில் இவர்களைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார்: மொழிபெயர்ப்பாளர் பால், மிஷன் பள்ளித் தலைமை ஆசிரியர் சுபான் காட்ஃப்ரே. காலனியில் பிறந்த இந்த இளைஞர்கள் 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸிலும் சேர்ந்தார்கள். கூலிப் பெற்றோருக்குப் பிறந்த ஜோஸஃப் ராயப்பன் கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டராகி, 1910இல் டிரான்ஸ்வாலில் கூடை தூக்கித் தெருவில் வியாபாரம் செய்து சிறைக்குப் போனார். ஐம்பது வருஷத்துக்குள் கரும்புத் தோட்டத்து லயத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கும், அங்கிருந்து ஜெயிலுக்கும் ஒரு பாதை போட்டாகிவிட்டது. பாதையின் முதல் கல் மிஷன் பள்ளி. பாதை போன திசை மிஷன் காட்டியது அல்ல.

மிஷன் காட்டாத திசை எது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். 1895இன் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலியாகவும் கையெழுத்துப் போடாமல் இருப்பவன் வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் வருஷத்துக் கூலியான 14 ஷில்லிங்கில் நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். 1903இல் 16 வயதான ஆண்பிள்ளைக்கும் 13 வயதான பெண்பிள்ளைக்கும் இதை நீட்டினார்கள். தனித்தனி மிஷனரிகளின் மனம் நொந்திருக்கலாம். மிஷன்கள் அமைப்பாகத் திரண்டு ஒப்பந்த முறையை எதிர்த்து நிற்கவில்லை. லங்கலிபலேலேக்கு ஒரு கொலென்ஸோ கிடைத்தார். கூலிக்கு நேட்டாலின் பாதிரிமார்களிடையே அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் பாப்டிஸ்ட் போதகர் ஜோஸஃப் டோக், 1908இல் அடிபட்டுக் கிடந்த காந்தியைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்து, மறு வருஷம் காந்தியைப் பற்றிய முதல் வாழ்க்கை நூலை வெளியிட்டார். அது பிற்காலம், வேறு ஊர்.

மூன்றாவதாக அவர்கள் எடுத்துக்கொண்டது மிஷனரி என்ற பதவியையே. நேட்டாலுக்குப் போன தெலுங்குக் கூலிகளில் சிலர் நெல்லூர்ப் பக்கத்து பாப்டிஸ்டுகள். தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர்கள் தங்கள் தாய்ச் சபைக்கு எழுதிக் கேட்டார்கள். தெலுங்கு பாப்டிஸ்ட் மிஷன் சங்கம் 1903இல் ஜான் ரங்கையாவை அனுப்பியது. அந்த வருஷக் கடைசியிலேயே கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் தெலுங்கு பாப்டிஸ்ட் சபை ஏற்பட்டது. 1915இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையில் இருந்தார். எல்லா மிஷன் சரித்திரங்களிலும் யாரோ ஒருவருக்கு மேலிருந்து அழைப்பு வரும், புறப்படுவார். இங்கே அழைத்தது தோட்டத்துக் கூலி. தபால் செலவுக்குப் பத்து ஷில்லிங் சம்பளத்திலிருந்து எடுத்துவைத்தவர்கள், தங்களுக்கு வேண்டிய மிஷனரியைத் தாங்களே வரவழைத்துக்கொண்டார்கள்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் நம்மை யோசிக்கவைக்க வேண்டியது. தமிழ் தெரிந்த ஸ்டாட்டுகள் காலத்தில் திரும்பாத ஜனம், ஒப்பந்த முறையெல்லாம் முடிந்து தமிழ் நாவிலிருந்து நழுவத் தொடங்கிய காலத்தில் திரும்பியது. 1931இல் டர்பனில் ரோலண்ட்ஸ் தொடங்கிய பெதெஸ்தா என்ற பெந்தெகொஸ்தே சபைக்கு ஆயிரக்கணக்கில் போனார்கள். அதன் மொழி ஆங்கிலம். 2001 ஜனத்தொகைக் கணக்கில் தென் ஆப்பிரிக்க இந்தியர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கிறிஸ்தவர். அதே காலத்துக்குள் தமிழ் அங்கே வீட்டு மொழி என்ற நிலையை அநேகமாக இழந்துவிட்டது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. நகர வாழ்வு, கூட்டுக் குடும்பம் உடைந்தது, 1950க்குப் பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் வீடு வாசல் பெயர்க்கப்பட்டது என்று பல உண்டு. இருந்தாலும் ஒன்று தெரிகிறது. தமிழைப் பேசி அவர்கள் மனசுக்குள் நுழைந்துவிடலாம் என்ற மிஷன் நம்பிக்கைக்கு எதிராக, அந்தத் தமிழே கதவாக நின்றிருக்கிறது. மொழியை மிஷனரி சாவி என்று நினைத்தார். கூலிக்கு அது தாழ்ப்பாள்.

நம் இலக்கியம் இந்த விஷயத்தில் செய்தது என்ன? பாரதி பிஜித் தீவுப் பெண்களுக்காக ஒரு பாட்டு எழுதினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனார். நேட்டாலுக்கு அந்த அளவுகூட இல்லை. காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' 1903இல் தமிழ்ப் பகுதியோடு தொடங்கியது. 1906இல் அதை நிறுத்திவிட்டார்கள். தில்லையாடி வள்ளியம்மையை மேடைக்கு மேடை ஞாபகப்படுத்துகிறோம். 1914இல் பதினாறு வயதில் இறந்த அந்தப் பெண் என்ன பேசினாள், எப்படிப் பேசினாள் என்று விசாரிக்கும் ஆசை நமக்கு இருந்ததில்லை. நாமும் ஸ்டாட்டைப் போலத்தான். மொழி தெரிந்த காரணத்தால், கேட்காமலே எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கப்பல் பதிவேடுகள் மிஞ்சியிருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று வரிசையாகப் பத்திகள். நாலாம் தலைமுறை ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் கிராமத்தின் பெயரைத் தேடி அவற்றைப் புரட்டுகிறார்கள். ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களில் பாதி அடையாளம் தெரிவதில்லை. காலில் தழும்பு, முழங்கையில் மச்சம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்த ஆள் என்ன சொன்னான் என்பதற்குப் பத்தி இல்லை. சர்க்காருக்கு அது தேவைப்படவில்லை. அதை எழுதிவைத்திருக்கக்கூடிய இடத்தில், மொழியும் பேனாவும் காகிதமும் கையில் இருக்க, அந்தக் காலத்தில் நின்றவர் மிஷனரி. அவர் தாம் சொன்னதை எழுதினார்.